மான் முதுகில் ஒரு பட்டிமன்றம்

ஒரு காட்டில் தை மாதம் பிறந்துவிட்டால் போர்வைப் பேச்சுதான். மூடுபனி புல்வெளியில் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். மான்களின் முதுகு விறைத்துப்போகும். அதனால் தையல்சிட்டு தேக்கிலைகளை அடுக்கி, சிலந்தி நூலால் தைத்து, உள்ளே இலவம்பஞ்சு வைத்து, மான்களுக்கெல்லாம் முதுகுப் போர்வை செய்து கொடுக்கும். தோளில் தொடங்கி இடுப்போடு முடியும் போர்வை. அதற்குக் கீழே போகாது. போகவும் கூடாது.

ஏன் கூடாது என்று கேட்கிறீர்களா, குழந்தைகளே? நல்லது. அந்தக் காட்டில் யாராவது ஒருவர் அப்படிக் கேட்டிருந்தால் நான் இந்தக் கதையைச் சொல்லவே வேண்டியிருக்காது.

புள்ளிமானின் வாலுக்கு அடிப்பக்கம் வெள்ளை. ஆபத்தின் வாடை அடித்ததும் தாய்மான் வாலைத் தூக்கும். வெள்ளை பளிச்சென்று தெரியும். புல்லுக்குள் படுத்திருக்கும் குட்டி உடனே எழுந்து ஓட வேண்டும். யார் வருகிறார், எங்கே ஓடுவது, ஓடத்தான் வேண்டுமா என்றெல்லாம் விசாரித்துக்கொண்டிருக்கக் கூடாது. வெள்ளை தெரிந்தால் ஓடு. தெரியாவிட்டால் அசையாதே. மான்குட்டிகளுக்குப் படிப்பு என்றால் இந்த ஒரு பாடம்தான்.

அந்தக் காட்டில் தும்பை என்று ஒரு பெண்மான் இருந்தாள். கவலைப்படுவதற்கென்றே பிறந்தவள். இலை விழுந்தால் காது நிமிரும். காற்று திசை மாறினால் மூக்கு துடிக்கும். அவளுடைய குட்டி மொட்டு, பிறந்து ஒரு மழைக்காலம்கூட முடியாத பொடிசு. தும்பை புல்லைக் கடித்தபடியே திடீரென்று வாலைத் தூக்குவாள். மொட்டு எழுந்து ஒரே ஓட்டம். பிறகு தும்பை போய்க் கூட்டி வருவாள்.

"அம்மா, நாய் வந்ததா?"

"இல்லை."

"பிறகு ஏன் தூக்கினீர்கள்?"

"நீ ஓடுகிறாயா என்று பார்த்தேன்."

"ஓடினேனே!"

"ஓடினாய். நாளைக்கும் பார்ப்பேன்."

அந்த வருடம் மழை பொய்த்துவிட்டது. ஆறு இளைத்துப்போய், நடுவில் மணல்திட்டு தெரிந்தது. அக்கரையிலிருந்து சீழ்க்கைச் சத்தம் கேட்கத் தொடங்கியது. செந்நாய்கள் ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொள்ளும் சீழ்க்கை. போன வருடம் தொலைவில் கேட்ட சத்தம், இந்த வருடம் கரையோரம் கேட்டது.

பயம் வந்ததும் காடு என்ன செய்தது? பேச ஆரம்பித்தது.

முதலில் பேசியது காட்டுச்சேவல். அதற்குப் பேச்சு என்றால் உயிர்.

"நம் மான்களைப் பாருங்கள்! வெறும் இலையைப் போர்த்திக்கொண்டு நிற்கின்றன. செந்நாய் பார்த்தால் என்ன நினைக்கும்? இலைக்கட்டு என்று நினைக்கும். போர்வை நெடுக நகம் வேண்டும். நீள நீளமாக, சிவப்பு நகம்! முள்முருங்கைப் பூ வளைந்து நகம் மாதிரியே இருக்கிறதே, அதைத் தைக்கட்டும். பார்த்ததும் பகை நடுங்க வேண்டும்!"

ஓடையில் ஒற்றைக் காலில் நின்றிருந்த வெண்கொக்கு இதைக் கேட்டு முகத்தைச் சுளித்தது. கொக்குக்குத் தன் வெள்ளையில் அத்தனை பெருமை.

"நகத்தைக் காட்டுவது வம்பை வீட்டுக்கு அழைப்பது. வெள்ளை இறகு வேண்டும். தூய வெள்ளை. பார்த்ததும் பகையின் மனமும் இளக வேண்டும்."

"மனம் இளகுமா? நாய்க்கா?"

"உமக்கு இளகாது. அதற்காக எல்லோரையும் உம்மைப்போல் நினைக்க வேண்டாம்."

"மீனைக் கொத்தித் தின்கிறவர் சமாதானம் பேசுகிறார், கேட்டுக்கொள்ளுங்கள்!"

அவ்வளவுதான். காடு இரண்டாகப் பிரிந்தது. காலையில் எழுந்ததும் பல் துலக்குவது போல ஒவ்வொருவரும், "நீ இறகா? நகமா?" என்று கேட்டுக்கொண்டார்கள். கடைசியில் முறைப்படி ஒரு பட்டிமன்றமே வைப்பது என்று முடிவாயிற்று. தலைப்பு: காட்டைக் காப்பது இறகா? நகமா?

நடுவர் யார்? உச்சாணி என்ற குரங்கு. ஆற்றங்கரை நாவல் மரத்தின் உச்சியில் உட்கார்ந்து நாலு பக்கமும் பார்த்துக்கொண்டிருப்பதும், நாய் தலை தெரிந்தால் கத்துவதும்தான் அவருடைய வேலை. ஆனால் மேலே தனியாக உட்கார்ந்திருப்பவரை யார் மதிக்கிறார்கள்? 'நடுவர் அவர்களே' என்று கூப்பிட்டதும் மனிதர் மாதிரி ஒரு செருமல் செருமிவிட்டு இறங்கி வந்துவிட்டார். புல்வெளி நடுவில் ஒரு வெட்டுமரத்தின் அடிக்கட்டை. அதில் அமர்ந்தார். முகம் பேச்சாளர்கள் பக்கம். முதுகு ஆற்றின் பக்கம்.

அதைப் பார்த்ததுமே தும்பை அவர் அருகில் போனாள்.

"அண்ணே, மரத்து மேலே யார் இருக்கிறார்கள்?" என்று மெல்லக் கேட்டாள்.

"கொஞ்ச நேரம்தானம்மா. தீர்ப்புச் சொல்லிவிட்டு ஏறிவிடுவேன்" என்றார் உச்சாணி.

கொஞ்ச நேரமாவது! சேவல் ஏறிப் பேசியது, கொக்கு ஏறிப் பேசியது, மறுபடி சேவல். ஒவ்வொரு வரிக்கும் கைதட்டல், குளம்புதட்டல். தும்பையின் அக்கா மகன் ஒருவன் உண்டு. இன்னும் நெற்றியில் இரண்டு மொட்டைப் புடைப்புதான், அதற்குள் கொம்பன் என்று பெயர். அவன் சேவல் பேசும்போதெல்லாம் துள்ளித் துள்ளிக் குதித்தான்.

"எனக்கு இரண்டு வரிசை நகம் தைக்கச் சொல்லுங்கள்!"

கடைசியில் உச்சாணி எழுந்தார். பட்டிமன்ற நடுவர் என்ன தீர்ப்புச் சொல்வார் என்று உங்களுக்கே தெரியும். இரண்டு பக்கமும் ஆள் இருக்கும்போது எந்த நடுவர் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறார்?

"வீரமும் வேண்டும், சமாதானமும் வேண்டும்! ஆகையால், போர்வையின் முன்பாதியில் நகம், பின்பாதியில் இறகு!"

கொக்கு இறக்கையை உதறியது. "பின்பாதியா? எங்கள் சின்னம் பின்னால் போவதா?"

"பின்னால் இருந்தால் என்ன, பெரிதாக இருக்கட்டும். போர்வையை வால் வரை நீட்டி, தொடை வரை இறக்கி, முழுக்க வெள்ளை இறகு. சரிதானே?"

கொக்கு யோசித்துவிட்டுத் தலையை ஆட்டியது. தையல்சிட்டு அளவெடுக்கப் பறந்து வந்தது. எல்லோரும் ஆரவாரம் செய்தார்கள்.

அப்போதுதான் தும்பைக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"ஒரு நிமிடம்! பின்பக்கம் வெள்ளை வேண்டாம்" என்றாள்.

ஆரவாரம் அடங்கியது. எல்லோரும் திரும்பினார்கள்.

"எங்கள் குழந்தைகளுக்கு வெள்ளை என்றால் ஓடு என்று அர்த்தம். நாள் முழுக்க எங்கள் பின்னால் வெள்ளை தெரிந்தால் அதுகள் என்ன செய்யும்?"

"சமாதானத்தைப் பார்த்து ஓடச் சொல்லியா குழந்தை வளர்க்கிறாய்?" கொக்கு அதிர்ந்துபோனது. "நீ நகம் கட்சி!"

"அப்படிச் சொல்லம்மா, தும்பை!" என்று சேவல் மார்பை நிமிர்த்தியது. "முழுக்க நகமே தைத்துவிடுவோம்."

"அதுவும் வேண்டாம். அது பூ, சேவலாரே. செந்நாய்க்குப் பூ தெரியாதா?"

"ஓ, அப்படியானால் நீ இறகு கட்சி!"

"நான் எந்தக் கட்சியும் இல்லை. எனக்குக் குழந்தை இருக்கிறது."

"குழந்தை யாருக்குத்தான் இல்லை?" என்றது கொக்கு.

"ஏதாவது ஒரு பக்கம் நின்று பேசு, தாயே. நடுவர் நான் ஒருவன் போதும்" என்றார் உச்சாணி. எல்லோரும் சிரித்தார்கள். கொம்பன்தான் உரக்கச் சிரித்தான்.

"சித்தி இப்படித்தான். நிழலைப் பார்த்தாலும் வாலைத் தூக்குவார்கள்."

தும்பை காதைத் தொங்கப்போட்டுக்கொண்டு மொட்டின் அருகில் போய் நின்றாள்.

போர்வைகள் தைத்து முடிந்தன. பார்க்க அழகாகத்தான் இருந்தன, இல்லையென்று சொல்லமாட்டேன். முன்பக்கம் சிவப்பு, பின்பக்கம் வெள்ளை. பெண்மான்கள் ஓடைநீரில் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டன.

அவற்றைப் போர்த்திக்கொண்டு புல்வெளியில் இறங்கினார்களோ இல்லையோ, குட்டிகள் பிய்த்துக்கொண்டு ஓடின. எந்தப் பக்கம் திரும்பினாலும் வெள்ளை. கிழக்கே ஓடினால் அங்கே ஒரு வெள்ளை. மேற்கே திரும்பினால் அங்கே நாலு வெள்ளை. ஒரு குட்டி பள்ளத்தில் விழுந்தது. ஒன்று முட்புதரில் சிக்கியது. மொட்டு ஓடி ஓடி, வாயில் நுரை தள்ளி, கடைசியில் நின்ற இடத்திலேயே மடங்கி உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மா, எத்தனை நாய் வருகிறது?" என்று மூச்சிரைக்கக் கேட்டாள்.

தும்பை தன் போர்வையைக் கழற்றி எறிந்தாள். என்ன பயன்? மற்றவர்கள் முதுகில் வெள்ளை இருந்ததே. அதைப் பார்த்தும் மொட்டு ஓடத்தானே செய்தாள்?

மறுபடி சபை கூடியது. இப்போதாவது போர்வையை வெட்டுவார்கள் என்று தும்பை நினைத்தாள். கொக்கு சொன்னது:

"குற்றம் போர்வையில் இல்லை, வளர்ப்பில் இருக்கிறது. குழந்தைகளுக்குப் புதிதாகச் சொல்லிக்கொடுங்கள். வெள்ளை என்றால் சமாதானம். வெள்ளையைப் பார்த்தால் நில்."

"நான் என்ன சொல்கிறேன் என்றால், பயந்து ஓடுவதே கேவலம்" என்றது சேவல். வாழ்க்கையில் முதல்முறையாக இருவரும் ஒத்துப்போனார்கள். எதில் பாருங்கள்!

அன்று முதல் புல்வெளியில் பாடம் மாறியது. குட்டிகளை வரிசையாக நிறுத்தி, கொக்கு முன்னால் நின்று சொல்லும். குட்டிகள் திருப்பிச் சொல்லும்.

"வெள்ளை கண்டால்?"

"நில்லு!"

"கேட்கவில்லை!"

"நில்லு!"

தும்பை மட்டும் மொட்டை அனுப்பவில்லை. ஆனால் மொட்டு இளைத்துக்கொண்டே போனாள். மேயும்போது ஓட்டம், பால் குடிக்கும்போது ஓட்டம், தூக்கத்தில்கூடக் கால் உதறல். மந்தையில் முணுமுணுப்பு எழுந்தது.

கொம்பன் வந்தான். அவன் முதுகில் இரண்டு வரிசை நகம்.

"சித்தி, உங்கள் பிடிவாதத்துக்குக் குழந்தையைக் கொல்லாதீர்கள். எலும்பு தெரிகிறது, பாருங்கள். எல்லாக் குட்டியும் கற்றுக்கொண்டுவிட்டது. அதற்கு மட்டும் ஏன் இந்தப் பாடு?"

தும்பை மொட்டைப் பார்த்தாள். எலும்பு தெரியத்தான் செய்தது. பனியில் அவள் உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. ஒட்டிக்கொள்ளத் தாயின் முதுகில் போர்வைகூட இல்லை.

அன்று மாலை தும்பை போர்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டாள். மொட்டின் எதிரில் திரும்பி நின்றாள்.

"மொட்டு, இங்கே பார். வெள்ளை தெரிகிறதா?"

"தெரிகிறது அம்மா." கால்கள் அதற்குள் துடித்தன.

"ஓடாதே."

"வெள்ளை தெரிகிறதே!"

"தெரியட்டும். நில்."

மொட்டு நின்றாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு, நடுங்கிக்கொண்டு நின்றாள். பிறகு ஒரு கண்ணைத் திறந்து, "நான் சரியாக நின்றேனா?" என்று கேட்டாள்.

"சரியாக நின்றாய்" என்றாள் தும்பை.

அதன் பிறகு மொட்டு நன்றாகச் சாப்பிட்டாள், நன்றாகத் தூங்கினாள். தும்பைதான் தூங்கவில்லை. அக்கரைச் சீழ்க்கை மணல்திட்டு வரை வந்துவிட்டது என்று சொல்லிப் பார்த்தாள். கேட்க ஆளில்லை. முள்முருங்கைப்பூ நகங்கள் வாடிச் சுருங்கிவிட்டன என்று சேவல் புது வழக்கைக் கிளப்பியிருந்தது. பூ உதிர உதிரப் புதுப் பூ தைக்க வேண்டும், இல்லையேல் இறகையும் பாதி பிடுங்க வேண்டும்! மறுபடி பட்டிமன்றம். மறுபடி உச்சாணி அடிக்கட்டையில்.

அன்று காலை பனி பால் போலக் கொட்டியிருந்தது. ஆற்றங்கரைக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. மந்தை முழுவதும் சபையைச் சுற்றி நின்றது. குட்டிகள் ஆற்றோரப் புல்லில் படுத்திருந்தன.

சேவல் பேசிக்கொண்டிருக்கும்போது காற்று திரும்பியது. தும்பையின் மூக்கில் ஈர நாய் வாடை அடித்தது.

அவள் யோசிக்கவில்லை. வால் தானாக எழுந்தது. மேலே மூடிக்கிடந்த இறகுகளும் அதோடு எழுந்தன. வெள்ளைக்கு மேல் வெள்ளை. புல்லுக்குள்ளிருந்து மொட்டு அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, சொல்லிக்கொடுத்தபடியே, இன்னும் பதுங்கிப் படுத்துக்கொண்டாள். நல்ல பிள்ளை. இந்த முறை கண்ணைக்கூட மூடவில்லை.

"ஓடு!" என்று கத்தினாள் தும்பை. "மொட்டு, ஓடு!"

அதே நேரம் சேவல் கட்சி குளம்பைத் தட்டியது. கொக்குக் கட்சி கூச்சல் போட்டது.

"யாரது, நடுவில் கத்துவது?" என்றார் உச்சாணி, திரும்பிப் பார்க்காமலே. "எந்த அணியம்மா நீ?"

புல்லுக்குள்ளிருந்து சீழ்க்கை ஒலித்தது. இந்த முறை அக்கரையில் இல்லை.

ஒரு நொடிதான். சேவல் படபடவென்று கிளைக்குப் பறந்தது. கொக்கு பனிக்கு மேலே எழும்பி வெள்ளையோடு வெள்ளையாக மறைந்தது. உச்சாணி இரண்டே தாவலில் நாவல் மரத்து உச்சிக்குப் போய், "நாய்! நாய்!" என்று கத்தினார். அதற்குள் அது எல்லோருக்கும் தெரிந்த செய்தி.

மந்தை காட்டுப்பக்கம் ஓடியது. தும்பை ஆற்றுப்பக்கம் ஓடினாள். ஆமாம், நாய் வாடை வந்த பக்கமே. புல்லைக் கிழித்துக்கொண்டு போய், படுத்திருந்த மொட்டைத் தலையால் ஓங்கி முட்டினாள். குழந்தை உருண்டது. அழக்கூட நேரம் கொடுக்காமல் மறுபடி முட்டினாள். மொட்டு எழுந்து ஓடினாள். அவள் ஓடுவதைப் பார்த்துத்தான் மற்றக் குட்டிகளும் எழுந்தன.

பின்னால், பனிக்குள், கொம்பனின் குரல் கேட்டது.

"வாருங்களடா! என் நகத்தைப் பாருங்கள்!"

"கொம்பா, ஓடிவாடா!" என்று கத்திக்கொண்டே ஓடினாள் தும்பை. பதில் வரவில்லை. பாறைமேட்டுக்கு ஏறும்வரை அவள் நிற்கவும் இல்லை.

வெயில் ஏறிப் பனி விலகியதும் மந்தை தயங்கித் தயங்கித் திரும்பியது. குட்டிகள் எல்லாம் இருந்தன. புல்வெளி நடுவில் ஒரு போர்வை கிடந்தது. கிழிபடாமல், கழற்றி வைத்தது போல. இரண்டு வரிசை நகம்.

தும்பையின் அக்கா அதை முகர்ந்து பார்த்துவிட்டு, அதன் பக்கத்திலேயே முழங்கால் மடங்கி உட்கார்ந்தாள். எழவில்லை.

சேவல் கிளையிலிருந்து இறங்கி வந்தது. சுற்றிப் பார்த்தது. "கவனியுங்கள், ஒரு நகம்கூட உதிரவில்லை" என்றது.

கொக்கும் வந்து இறங்கியது. "இறகிலும் அழுக்குப் படவில்லை" என்றது.

"இப்போது நடுவர்தான் சொல்ல வேண்டும், இதில் எதைப் பார்த்து நாய்கள் திரும்பிப் போயின என்று..." எனத் தொடங்கியது சேவல்.

"வயிறு நிறைந்து போயின" என்றாள் தும்பை.

பிறகு இருவர் பக்கமும் திரும்பினாள்.

"ஒன்று கேட்கிறேன். இத்தனை நாள் பேசினீர்களே, உங்கள் இரண்டு பேரில் யாருக்காவது போர்வை இருக்கிறதா?"

"எங்களுக்கு எதற்கு? எங்களுக்குத்தான் இறக்கை இருக்கிறதே" என்றது சேவல், சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தது.

கொக்கு ஒற்றைக் காலை மடக்கியது, மறுபடி ஊன்றியது. நாவல் மர உச்சியிலிருந்து உச்சாணி இறங்கவே இல்லை.

தும்பை சூரைமுள் புதரில் முதுகைத் தேய்த்துத் தன் போர்வையைக் கிழித்துப்போட்டாள். மற்ற மான்களும் ஒவ்வொன்றாக வந்து தேய்த்துக் கிழித்தன. புதர் முழுக்கச் சிவப்பும் வெள்ளையுமாகத் தொங்கியது. பிறகு அவள் மொட்டை அழைத்துப் போய், எதிரில் நிறுத்தி, திரும்பி நின்று வாலைத் தூக்கினாள்.

மொட்டு அசையவில்லை.

"மொட்டு! வெள்ளை தெரிகிறதா?"

"தெரிகிறது அம்மா." குழந்தை தாயின் முகத்தையும் வாலையும் மாறி மாறிப் பார்த்தாள். "இது ஓடுகிற வெள்ளையா, நிற்கிற வெள்ளையா?"

"ஓடுகிற வெள்ளை. இனி எல்லா வெள்ளையும் ஓடுகிற வெள்ளைதான்."

"நிஜமாகவா?"

"நிஜமாக."

தும்பை மீண்டும் வாலைத் தூக்கினாள். மொட்டு ஓடினாள். வெயில் சாயும்வரை திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தாள். ஒவ்வொரு முறையும் மொட்டு ஓடத்தான் செய்தாள். ஆனால் ஒவ்வொரு முறையும், ஓடுவதற்கு முன்னால், ஒரு கணம் நின்று யோசித்தாள்.

அந்த ஒரு கணத்தைத்தான் தும்பை பார்த்துக்கொண்டே நின்றாள். அக்கரையில் சீழ்க்கை கேட்டது.

நீதி: சமாதானச் சின்னமோ வீரச் சின்னமோ, எதைச் சூட்டுவதானாலும் அதைச் சுமக்கப்போகிறவரை முதலில் கேள்.